யூக்கான் டெல்டாவில் நீர்ப்பறவை பார்க்கப் போகலாமா?

வில்லமெட் வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்குத் தெற்கே குடியிருக்கிறேன். இலையுதிர்காலம் வந்துவிட்டால் எங்கள் தெருமுனைப் பள்ளி மைதானத்தில் காக்ளிங் வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கிவிடும். குட்டைக் கழுத்து, பொடி அலகு, ஓயாத கீச்சல். வசந்தத்தில் ஒருநாள் மைதானம் வெறிச்சோடிக் கிடக்கும். எங்கேதான் போய்த் தொலைகின்றன என்று தேடியபோதுதான் அலாஸ்காவின் யூக்கான் டெல்டா தேசிய வனவிலங்குப் புகலிடம் பற்றித் தெரியவந்தது.

யூக்கான், குஸ்கோக்விம் என்ற இரண்டு பேராறுகள் பேரிங் கடலில் சேரும் சமவெளி அது. புகலிடத்தின் பரப்பு 1.9 கோடி ஏக்கர், அதாவது ஏறத்தாழ 77,000 சதுர கிலோமீட்டர். இலங்கையை விடப் பெரியது. பெரும்பகுதி மரமற்ற தூந்திரம். மிச்சமெல்லாம் குளமும் சேறும்.

வருகிற ஜூனில் நானும் மனைவியும் போக ஆசைப்படுகிறோம். எம்பரர் வாத்து, மூக்குக்கண்ணாடி ஈடர் என்ற கடல்வாத்து இரண்டையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். தங்கும் இடம், வழிகாட்டி, நடைபாதை என்று தேடினால் ஒன்றுமே அகப்படவில்லை. போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பயணப்பை:

அகப்படாததற்குக் காரணம், அங்கே அவை இல்லை. இரண்டு பறவைதான் குறி என்றால் பணத்தை வீணாக்காதீர்கள். அலாஸ்காவின் வடகோடியில் உள்ள உட்கியாக்விக் ஊருக்கு ஜூனில் போனால், ஊரைச் சுற்றியுள்ள சாலையோரக் குட்டைகளிலேயே மூக்குக்கண்ணாடி ஈடரைப் பார்க்கலாம். அல்லது நோம் போங்கள். மூன்று திசையில் மூன்று சாலைகள், வாடகைக் கார், மாலையில் சூடான சாப்பாடு. யூக்கான் டெல்டா ஆராய்ச்சியாளர்களுக்கான இடம்.

களக்கூடாரம்:

பயணப்பை சொல்வதை மறுக்க மாட்டேன், ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். டெல்டாவின் கடலோரத்தில் பிராண்ட் வாத்துக் கூடுகளைக் கணக்கெடுக்கும் முகாமில் தன்னார்வலராக வேலை செய்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெத்தல், டெல்டாவுக்கு நுழைவாயிலான ஊர். அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து மேற்கே சுமார் 640 கிலோமீட்டர். ஜெட் விமானம் போகிறது, அதற்குமேல் வசதி என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பெத்தலை வெளியூரோடு இணைக்கும் சாலை கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த குஸ்கோக்விம் ஆறுதான் சாலை. கார்கள் அதன்மேல் ஓடும். புகலிடத்தின் தலைமை அலுவலகம் இந்த ஊரில்தான். போகுமுன் அவர்களிடம் கட்டாயம் பேசுங்கள். எந்த நிலம் அரசுடையது, எது கிராமத்துடையது என்ற வரைபடம் இல்லாமல் கிளம்பக்கூடாது.

பெத்தலுக்கு அப்பால் இரண்டு வழி. ஹூப்பர் பே, செவாக் போன்ற கிராமங்களுக்குச் சிறு விமானங்கள் போய்வருகின்றன. கிராமம் வேண்டாம், தனியிடம் வேண்டும் என்றால் மிதவை விமானத்தை வாடகைக்கு எடுத்து ஏதாவது ஏரியில் இறங்க வேண்டும். வாடகையைக் கேட்கும்போது உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

காலம் முக்கியம். மே மாதத்தில் ஆற்றுப் பனி உடையும். அப்போது ஏரிகளில் பாதிப் பனி, பாதி நீர். சறுக்குக்கட்டை கட்டிய விமானமும் இறங்க முடியாது, மிதவை விமானமும் இறங்க முடியாது. வாத்துகள் அதற்குள் வந்து இடம்பிடித்துவிடும். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் முட்டை, ஜூன் பிற்பாதியில் குஞ்சு. ஜூலையில் பெரிய வாத்துகள் இறகுதிர்த்துப் பறக்க முடியாமல் தரையில் ஓடித்திரியும். அந்தச் சமயத்தில் படமெடுக்கிறேன் என்று பின்னால் ஓடுவது பாவம்.

விமானி உங்களை அழைத்துப்போக வருவதாகச் சொன்ன நாளை உறுதியாக நம்பாதீர்கள். பேரிங் கடலின் மூடுபனி இறங்கிவிட்டால் யாரும் வர முடியாது. கூடுதல் உணவு, செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இரண்டும் இல்லாமல் போகக்கூடாது. ஜூனிலும் காற்றோடு மழை சேர்ந்தால் விரல் மரத்துப்போகும். காற்று நின்றால் கொசு. எது மேல் என்று எங்கள் முகாமில் தினமும் பட்டிமன்றம் நடக்கும்.

கடலோரத்தில் நடப்பது நீங்கள் நினைப்பதுபோல் இருக்காது. தரை அவ்வளவு தட்டை. ஓதம் ஏறினால் ஓடைகள் நிரம்பி வழியும், வற்றினால் தொடையளவு சேறு. எதிரே கூப்பிடு தூரத்தில் தெரியும் மேட்டுக்குப் போக அரைநாள் சுற்ற வேண்டியிருக்கும். ஓத அட்டவணையை மனப்பாடம் செய்யுங்கள். தொடைவரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டும். அங்குள்ள குளத்து நீர் பல இடங்களில் உவர்ப்பு, குடிநீருக்கு வழி செய்துகொண்டே இறங்க வேண்டும்.

இனி எங்கள் வேலை பற்றி. பிராண்ட் கூடு என்பது புல்லுக்குள் ஒரு சிறு குழி, அவ்வளவே. உள்ளே சாம்பல் நிறத் தூவி, தாய் தன் மார்பிலிருந்தே பிடுங்கிப் போட்டது. கையை விட்டால் அந்தக் குளிரிலும் கதகதப்பு இருக்கும். முட்டை ஒன்றை எடுத்து ஒரு குவளை நீரில் விடுவோம். புதிதாக இட்டது என்றால் அடியில் படுத்துக்கிடக்கும். நாள் ஆக ஆக உள்ளே காற்றறை பெருகுவதால் மழுங்கிய முனை மேல்நோக்கி நிமிரும். பொரிக்கும் நாள் நெருங்கியது மேலே மிதக்கும். அந்தச் சாய்வை வைத்து, எப்போது பொரிக்கும் என்று குறித்துக்கொள்வோம்.

முடிந்ததும் தூவியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். ஏனென்றால் மனிதன் நடக்கும் இடத்தில் வாத்து எழும்பும் என்று கிளாக்கஸ் கடற்காகங்களுக்கும் ஜேகர் என்ற கடற்பறவைகளுக்கும் நன்றாகத் தெரியும். நம் தலைக்கு மேலேயே கூட வரும். திறந்து கிடக்கும் முட்டை அவற்றின் கண்ணில் பட்டுவிட்டால் நாம் பத்தடி தள்ளிப் போவதற்குள் தூக்கிவிடும். ஆகவே சுற்றுலாவாகப் போகிறவர் முட்டைக்காலத்தில் பெருங்கூட்டமாகக் கூடுகட்டும் இடத்தில் நடக்கவே கூடாது என்பது என் கருத்து. சட்டம் தடுக்காவிட்டாலும் சரி.

தாமிரபரணி:

நல்ல தகவல்கள், நன்றி. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. இந்தப் "புகலிடத்துக்குள்" உள்ளூர் மக்கள் வசந்த காலத்தில் வாத்துகளைச் சுட்டுத் தின்கிறார்கள், முட்டையும் எடுக்கிறார்கள் என்று படித்தேன். எங்கள் பக்கம் கூந்தன்குளத்தில் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிக்க மாட்டார்கள். கூடுகட்ட வந்த பறவையைச் சுட அனுமதிக்கும் இடத்துக்குப் புகலிடம் என்று பெயர் எதற்கு? தன்னார்வலர்கள் தூவியால் முட்டையை மூடுவார்கள், பக்கத்து ஓடையில் துப்பாக்கி வெடிக்கும். முரணாக இல்லையா?

பழைய கோப்பு:

தாமிரபரணி, கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மண்ணின் கதை தெரிந்தால் வேறுமாதிரித் தோன்றும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருப்பவர்கள் யூப்பிக், சூப்பிக் மக்கள். அரசு அந்த நிலத்தைப் பறவைகளுக்கென்று ஒதுக்குவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே வாழ்பவர்கள். 1909-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் டெல்டாவைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. 1916-இல் அமெரிக்காவும், கனடாவுக்காக பிரிட்டனும், வலசைப் பறவை ஒப்பந்தம் போட்டன. அதன்படி மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வேட்டை கூடாது. தெற்கே இருப்பவர்களுக்குப் பொருத்தமான விதி. டெல்டாவில் வாத்து வருவதே மே மாதத்தில். செப்டம்பரில் புறப்படத் தொடங்கிவிடும். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த மீனைத் தின்று கழித்த குடும்பத்துக்கு மே மாத வாத்துதான் முதல் பச்சை இறைச்சி. அதையே குற்றம் என்று சொல்லிவிட்டு, கலிஃபோர்னியாவில் இலையுதிர்காலத்தில் பொழுதுபோக்குக்குச் சுடுவதைச் சட்டபூர்வமாக்கினார்கள். 1961-இல் வடக்கே பாரோவில் (இப்போதைய உட்கியாக்விக்கில்) ஈடர் சுட்டதற்குச் சிலரைக் கைது செய்தபோது, ஊரார் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆளுக்கொரு வாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்களையும் கைது செய்யுங்கள்" என்று வந்து நின்றார்கள்.

இனி டெல்டாவுக்கு வருகிறேன். வில்லமெட் வாசியின் பள்ளி மைதானத்தில் இறங்கும் அதே காக்ளிங் வாத்து 1960-களில் சுமார் 4 லட்சம் இருந்தது. 1980-களின் நடுவில் 25,000 அளவுக்கு விழுந்துவிட்டது. வடக்கில் வசந்த வேட்டை, தெற்கில் குளிர்கால வேட்டை, இரண்டு பக்கமும் அடி. யார் காரணம் என்று ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்தவர்கள் 1984-இல் ஹூப்பர் பேயில் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். கிராமத் தலைவர்கள் சங்கம், கூட்டாட்சி வனவிலங்குத் துறை, கலிஃபோர்னியா மாநிலத் துறை. காக்ளிங் வாத்தை வேட்டையாடுவதில்லை, முட்டை எடுப்பதில்லை என்று கிராமங்கள் ஒப்புக்கொண்டன. கலிஃபோர்னியா தன் பங்குக்குக் காக்ளிங் வேட்டையை மூடியது. பிராண்ட், வெண்முக வாத்து ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஒரு வருடம் கழித்து எம்பரர் வாத்தையும் சேர்த்துக்கொண்டு இது யூக்கான்-குஸ்கோக்விம் டெல்டா வாத்து மேலாண்மைத் திட்டமாக விரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து அலாஸ்காவின் விளையாட்டு வேட்டை அமைப்புகள் வழக்குப் போட்டன. வசந்த வேட்டைக்கு இடமளிப்பதே ஒப்பந்தச் சட்டத்துக்கு விரோதம் என்று 1987-இல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படியும் கிராமங்கள் தங்கள் கட்டுப்பாட்டைக் கைவிடவில்லை. கடைசியில் சர்வதேச ஒப்பந்தத்தையே திருத்த வேண்டியதாயிற்று. 1997-இல் அமெரிக்க செனட் ஏற்றது. 2003 முதல்தான் வசந்தகால வாழ்வாதார வேட்டை முறைப்படி சட்டத்துக்குள் வந்தது. அதிலும் கூடுகட்டும் காலத்தில் 30 நாள் தடை உண்டு.

இன்று காக்ளிங் வாத்து மறுபடி லட்சக்கணக்கில் இருக்கிறது. ஆரிகன் விவசாயிகள் புல்விதை வயலை மேய்ந்து நாசம் செய்கிறது என்று கூச்சல் போடும் அளவுக்கு. இதை மீட்டதில் காவலர்களுக்கும் வேலிக்கும் உள்ள பங்கு குறைவு. சுடுகிறவர்களே சுடுவதில்லை என்று முடிவெடுத்ததுதான் பெரும்பங்கு. 1980-இல் இன்றைய புகலிடத்தை உருவாக்கிய சட்டத்திலேயே, உள்ளூர் மக்களின் வாழ்வாதாரப் பயன்பாடு தொடர வேண்டும் என்பது நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

தாமிரபரணி:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி ஐயா. விளையாட்டு வேட்டைக்காரர்கள் வழக்குப் போட்ட கதை எனக்குப் புதிது. ஆனாலும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. காக்ளிங் மீண்டது சரி. மூக்குக்கண்ணாடி ஈடர்? 1970-களுக்கும் 1990-களின் தொடக்கத்துக்கும் இடையே டெல்டாவில் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்து, 1993-இல் அழியும் அபாயத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் ஏறியதே. ஒரு வெற்றியைக் காட்டி எல்லாவற்றையும் மூடிவிடக் கூடாது.

களக்கூடாரம்:

மூட வேண்டாம். ஈடர் கதையில் வேட்டையைவிட ஈயம் பெரிய வில்லன். சுட்ட தோட்டாவின் ஈயக் குண்டுகள் குளத்தின் அடியில் தங்கும். வேறு இடமாக இருந்தால் சேற்றுக்குள் நாளடைவில் ஆழப் புதைந்துபோகும். டெல்டாவில் சற்றுக் கீழேயே நிலம் உறைந்திருப்பதால் குண்டுகள் பல ஆண்டுகள் மேல்படலத்திலேயே கிடக்கும். ஈடர் அடியில் துழாவித் தின்னும் பறவை. கல்லென்று நினைத்து விழுங்கிவிடும். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டு 1991-லேயே நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய பாவம் குளத்தடியில் கிடக்கிறது.

அந்தப் பறவை குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பதே நீண்டகாலம் யாருக்கும் தெரியாது. 1995 வாக்கில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய பறவையைத் தேடிப் பறந்துபோனால், பேரிங் கடலில் செயிண்ட் லாரன்ஸ் தீவுக்குத் தெற்கே, பனிக்கட்டிக்கு நடுவே திறந்த நீரில் லட்சக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

எம்பரர் வாத்து விஷயத்தில் உள்ளூர்க்காரர்களுக்கே பெரிய தியாகம். உலகின் எம்பரர் வாத்துகளில் பெரும்பகுதி இந்த டெல்டாவில்தான் கூடுகட்டுகிறது. 1987 முதல் 30 ஆண்டுகள் வேட்டை முழுக்க மூடிக்கிடந்தது. எண்ணிக்கை தேறிய பிறகு 2017-இல்தான் திறந்தார்கள். பிராண்ட் வாத்தோ டெல்டாவில் இன்னும் தள்ளாடுகிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

தாமிரபரணி:

ஈயத்தை யார் சுட்டார்கள் என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். முட்டை எடுப்பது பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் முரண் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

குஸ்கோக்விம் செவிலி:

வில்லமெட் அண்ணாவுக்கு. நான் ஆங்கரேஜில் இருக்கிறேன். வேலை நிமித்தம் டெல்டா கிராமங்களுக்குப் போய்வருவேன். பறவை பற்றி எனக்குத் தெரியாது, மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கிராமத்தைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் ஊர்மக்களே பங்குதாரர்களாக உள்ள கிராம நிறுவனத்துக்குச் சொந்தம். 1971-ஆம் ஆண்டுப் பழங்குடி நில உரிமைச் சட்டப்படி வந்த உரிமை. அனுமதி கேட்காமல் கூடாரம் அடிக்கக் கூடாது. முன்கூட்டியே தொலைபேசியில் பேசுங்கள், யார் வீட்டில் தங்கலாம் என்றும் கேளுங்கள். விமானம் இறங்கியதும் நாலுசக்கர வண்டியில் வந்து சாமான் ஏற்றிக்கொள்பவர் யாரென்று அதற்குள் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கிராமங்களில் மதுவிலக்கு. பையில் ஒரு பாட்டில் இருந்தாலே குற்றம்.

பேசும்போது அவசரப்படாதீர்கள். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. நீங்களே குறுக்கிட்டு அடுத்த கேள்வி கேட்டால் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காது. புருவத்தை லேசாக உயர்த்தினால் ஆமாம் என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன். மீன் காயவைக்கும் பரணையும் வாத்து உரிப்பவர்களையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். அகுட்டாக் கொடுத்தால் சாப்பிடுங்கள். கொழுப்பில் காட்டுப்பழம் போட்டு அடித்தது, இனிப்பாக இருக்கும். சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பருப்பும் அரிசியும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று. 2022 செப்டம்பரில் மெர்போக், 2025 அக்டோபரில் ஹாலாங் என்று இரண்டு சூறாவளிகளின் மிச்சம் அந்தக் கரையைத் தாக்கியது. ஹாலாங்கில் கிப்னுக், க்விகிலிங்கோக் கிராமங்களில் வீடுகளே மிதந்து போயின. நூற்றுக்கணக்கானோரை விமானத்தில் ஆங்கரேஜுக்குக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே நியூடோக் கிராமம் கரை அரித்து வேறிடத்துக்கு மாறியது. ஆற்றில் சால்மன் குறைந்து மீன்பிடிக்கும் கட்டுப்பாடு. இந்த நிலையில் வேடிக்கை பார்க்க வருபவர் எந்தக் கிராமத்துக்குப் போகலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதைப் பெத்தலில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஏதாவது ஊர் "இந்த வருடம் வேண்டாம்" என்றால் விவாதம் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

பயணப்பை:

அக்கா சொன்ன கடைசிப் பத்தியை இந்த இழையின் மேலே ஒட்டி வைக்க வேண்டும். முதலில் நான் விலை, வசதி மட்டும்தான் யோசித்தேன். இருந்தாலும் ஈடருக்கு உட்கியாக்விக் என்பதில் மாற்றமில்லை.

கோடியக்கரைக் காற்று:

எல்லாரும் ஜூனையே பேசுகிறீர்கள். என் ஓட்டு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பருக்கு. கூடு, முட்டை, குஞ்சு என்று யாரையும் தொந்தரவு செய்யும் பயம் இல்லை. கொசு குறைந்துவிடும். குஸ்கோக்விம் முகத்துவாரத்துச் சேற்றுவெளியில் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவைகள் கூடித் தின்று கொழுக்கும் காலம் அது.

கோடியக்கரைக்கு வரும் பட்டைவால் மூக்கனும் இதே இனம்தான், ஆனால் வேறு கிளை, வேறு வழித்தடம். அலாஸ்காக் கிளை பசிபிக் கடலை ஒரே மூச்சில் கடக்கிறது. 2007-இல் கருவி பொருத்திய ஒரு பெண்பறவை இந்த டெல்டாவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,680 கிலோமீட்டர் எட்டு நாளில் பறந்தது. 2022 அக்டோபரில் பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு குஞ்சு அதையும் மிஞ்சியது. டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்கவில்லை. இது நீரில் மிதக்கத் தெரியாத கரைப்பறவை. நடுவழியில் களைத்தால் கடலில் இறங்கி ஓய்வெடுக்க முடியாது. புறப்படும்போது உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அந்தக் கனத்தைத் தூக்கக் குடல், இரைப்பை எல்லாம் சுருங்கிவிடும். தென்பக்கம் ஒரு புயல் கடந்து வால்காற்று கிடைக்கும்வரை காத்திருக்கும்.

எம்பரர் வாத்துகளும் அப்போது கரையோரம் இருக்கும். ஈடர் கிடைப்பது சந்தேகம். மழையும் காற்றும் ஜூனை விட மோசம், அதை மறைக்க மாட்டேன்.

வில்லமெட் வாசி:

எல்லாருக்கும் நன்றி. நானும் மனைவியும் உட்கார்ந்து படித்தோம். கூடுகட்டும் இடத்தில் நடக்க மாட்டோம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், எனக்கும் சம்மதம். இப்போதைய திட்டம்: ஈடருக்கு உட்கியாக்விக் வேறொரு வருடம். டெல்டாவுக்கு ஆகஸ்ட் பிற்பாதி. பெத்தல் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன், ஹூப்பர் பேயில் தங்க அனுமதி கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மறுத்தால் பெத்தலில் இருந்துகொண்டே ஆற்றோரத்தில் பார்ப்போம். மிதவை விமானம் இல்லை. அந்த வாடகையைக் கேட்டபோது களக்கூடாரம் சொன்னபடி உட்கார்ந்துதான் கேட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். என் பெரிய தொலைநோக்கியும் முக்காலியும் கனமானவை. சிறு விமானத்தில் ஏற்றுவார்களா?

களக்கூடாரம்:

ஏற்றுவார்கள். ஆனால் உங்களையும் சேர்த்து எடை போடுவார்கள், சொல்லும் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். இடமில்லை என்றால் பை அடுத்த விமானத்தில் வரும்; அடுத்த விமானம் நாளைக்கோ மறுநாளோ. ஆகவே மழைக்கோட்டு, பூட்ஸ், மருந்து மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். முக்காலி பின்னால் வரட்டும்.

குஸ்கோக்விம் செவிலி:

அரிசியும் கைப்பையில் இருக்கட்டும் அண்ணா.